வெளியே 1.9, உள்ளே 1.8

நீங்கள் மூவரும் பொறுப்பேற்றிருக்கும் கணிப்பான் மென்பொருள் பொதியின் மாற்றப் பதிவேட்டைக் கீழே தள்ளிக்கொண்டே போனால், ஓரிடத்தில் வழக்கத்துக்கு மாறான ஒரு பதிப்பு எண் வரும். முதலில் 1.9. அதற்குப் பின்னால் ஒரு கூட்டல் குறி. அடுத்து 'ரியலி' என்ற ஆங்கிலச் சொல். கடைசியில் 1.8. வெளியே 1.9 என்று எழுதியிருந்தாலும் உள்ளே உண்மையில் இருப்பது 1.8 என்று பொருள். சென்ற சனிக்கிழமை, நாம் கூடும் டன்லப் ஸ்திரீட் மாடி அறையில் உங்களில் ஒருவர் அதைத் திரையில் காட்டி, "யார் சார் இது, டப்பா மாத்தி மூடி போட்ட மாதிரி?" என்று கேட்டார். மற்ற இருவரும் சிரித்தார்கள்.

நான்தான். பதினாறு ஆண்டுகள் இந்தப் பொதியைப் பார்த்துக்கொண்டேன். அதில் நான் செய்த பதிவேற்றங்களிலேயே சரியானது அதுதான் என்று இன்றைக்கும் சொல்வேன். ஆனால் அதை நானாகச் செய்யவில்லை. என்னைச் செய்யவைக்க இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். பொறுப்பு உங்கள் கைக்கு வந்துவிட்டதால் அந்த ஒரு வாரத்தை எழுதிக் கொடுத்துவிடுகிறேன்.

நம் வேலை என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்தக் கணிப்பானுக்குப் பொத்தான் கிடையாது, படம் கிடையாது. கணக்கை எழுத்தில் தட்டினால் விடை எழுத்தில் வரும். அதை எழுதியவர் வேறொரு நாட்டில் இருக்கிறார். அவர் எழுதியதை வாங்கி, நம் இயங்குதளத்தில் சரியாக உட்காரும்படி கட்டி, களஞ்சியத்தில் வைப்பது மட்டுமே நாம் செய்வது. அங்கிருந்து உலகெங்கும் உள்ள கணினிகள் தாமாக இறக்கிக்கொள்ளும். நமக்குச் சம்பளம் இல்லை. ஆனால் நாம் அனுப்பியது காலையில் முன்பின் தெரியாத ஒருவரின் கணினியில் அவரைக் கேட்காமலே போய் உட்கார்ந்துவிடும். அந்த அதிகாரம் சம்பள வேலை எதிலும் எனக்குக் கிடைத்ததில்லை.

நான் இதற்கு வந்தது செய்தித்தாள் வழியாக. திருத்த மேசையில் இருபது ஆண்டுகள், பிறகு அதே நிறுவனத்தின் கணினிப் பிரிவில் ஓய்வு பெறும்வரை. மேசையில் என் பெயர் எண்களுக்காக நிலைத்தது. அட்டவணை எது வந்தாலும் என்னிடம் தள்ளிவிடுவார்கள். எட்டு இலக்க எண் ஒன்றை இடைவெளி விடாமல் அச்சுக்கு அனுப்ப நான் சம்மதித்ததே இல்லை. மூன்று மூன்று இலக்கமாகப் பிரித்து நடுவில் மெல்லிய இடைவெளி வைப்பேன். கண் ஓரிடத்தில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு மேலே போகும்.

நம் கணிப்பானோ பன்னிரண்டு இலக்க விடையை ஒரே சங்கிலியாக நீட்டும். பல ஆண்டுகள் அதைப் பார்த்துப் பல்லைக் கடித்திருக்கிறேன். ஒருநாள் அதன் ஆசிரியருக்கு எழுதினேன். மூன்று மூன்றாகப் பிரிக்கும் நிரலையும் நானே எழுதி அனுப்பினேன். அவருக்குப் பிடித்துவிட்டது. விடையை அச்சிடும் பகுதியையே அதை ஒட்டித் திருத்தி எழுதி, 1.9-இல் சேர்த்து வெளியிட்டார்.

அதே 1.9-இல் இன்னொரு திருத்தமும் இருந்தது. வேண்டுமென்றே கோணலாக எழுதிய கணக்கு ஒன்றைக் கொடுத்தால் 1.8 தன் நினைவக எல்லையைத் தாண்டி எழுதிவிடும். கெட்ட எண்ணம் உள்ளவர் அதைப் பயன்படுத்த முடியும். அதை அடைக்க ஆசிரியர் எழுதியது பதினொரு வரி.

இந்த இடத்தில் நம் வழக்கம் தெளிவானது. மக்கள் அன்றாடம் நம்பி ஓட்டும் நிலைப்பதிப்பில் எதையும் மாற்றுவதில்லை. ஓட்டை இருந்தால் ஓட்டையை மட்டும் அடைப்போம். பதினொரு வரியை எடுத்து 1.8-இல் ஒட்டி அனுப்பியிருக்க வேண்டும். நான் 1.9-ஐ முழுதாக அனுப்பினேன்.

சோம்பல் காரணமில்லை. ஒட்டுவதற்கு அரை மணி நேரம் போதும். என் இடைவெளி 1.9-இல் இருந்தது. அடுத்த நிலைப்பதிப்பு வர ஒன்றரை ஆண்டு ஆகும். அதுவரை மக்கள் அதைப் பார்க்கப்போவதில்லை என்பது எனக்குப் பொறுக்கவில்லை. அவ்வளவுதான் காரணம்.

விதிவிலக்கு கேட்டு வெளியீட்டுக் குழுவுக்கு விண்ணப்பம் எழுத வேண்டும். அந்தக் குழுவில் நம் சிங்கப்பூரிலிருந்தே ஒருவர் இருந்தார். பிடோக்கில் வீடு, பகலில் ஒரு துறைமுகத்தின் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை, என்னைவிடப் பதினோரு வயது இளையவர். பெயர் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார், பிடோக்காரர் என்றே எழுதுகிறேன். இந்த வேலையில் எனக்கு வழிகாட்டி என்று ஒருவர் உண்டென்றால் அவர்தான். விண்ணப்பத்தில் ஒரு கேள்வி: பயனர் உணரக்கூடிய மாற்றம் என்ன? நான் எழுதிய பதில்: தோற்றத்தில் சிறு மேம்பாடு.

மேசையில் ஒரு நிருபர் இப்படி எழுதிக் கொடுத்திருந்தால், சிறு என்று அளந்தது யார், மேம்பாடு என்று சொன்னது யார் என்று கேட்டுத் தாளைத் திருப்பியிருப்பேன். இதை நானே எழுதி நானே படித்து நானே அனுப்பினேன். பிடோக்காரருக்கு என் வேலையின் மீது நம்பிக்கை உண்டு. ஒப்புதல் ஒரு மணி நேரத்தில் வந்தது.

ஒன்றில் மட்டும் கவனமாக இருந்தேன், அதையும் பதிவு செய்ய வேண்டும். கணிப்பானை மனிதர் மட்டும் பயன்படுத்துவதில்லை. வேறு நிரல்களும் அதனிடம் கணக்குக் கேட்கும். விடையின் நடுவில் இடைவெளி வந்தால் அவை குழம்பும். ஆகவே விடை இன்னொரு நிரலுக்குப் போனால் இடைவெளி இல்லை, கணினி முனையத்தின் முன்னால் உட்கார்ந்திருக்கும் மனிதருக்குப் போனால் மட்டும் இடைவெளி என்று வைத்திருந்தேன். இயந்திரங்களை நினைத்துப் பார்த்துவிட்டேன், இனி யாருக்கும் கஷ்டமில்லை என்று திருப்தியாக இருந்தது. முனையத்தில் உட்கார்ந்திருப்பவர் எல்லோரும் அதைப் பார்க்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டது எனக்கே தெரியவில்லை.

திங்கட்கிழமை பொதி வெளியே போனது. செவ்வாய் காலை பிழை அறிக்கை வந்தது.

எழுதியவர் பெயர் கவிதா. சிங்கப்பூரிலேயே புக்கிட் பாத்தோக்கில் வீடு. அறிக்கையில் வணக்கமும் இல்லை, கோபமும் இல்லை. நேற்றுவரை தட்டியது இது, வந்தது இது. இன்றைக்குத் தட்டியது இது, வந்தது இது. அதன் கீழே விளக்கம். அவருக்குப் பார்வை கிடையாது. திரையில் வரும் எழுத்தைப் புள்ளிகளாக எழுப்பிக் காட்டும் பிரெயில் பட்டை ஒன்றை விசைப்பலகைக்கு முன்னால் வைத்து, நாற்பது நாற்பது எழுத்துகளாக விரலால் படிப்பவர். ஒரே வரியில் இரண்டு மூன்று விடைகளை இடைவெளி விட்டு வாங்கிக்கொள்வது அவர் பழக்கம். இப்போது ஓர் இடைவெளி வந்தால் அங்கே எண் முடிந்ததா, இல்லை எண்ணின் நடுவில் இருக்கிறோமா என்று விரலுக்குத் தெரியவில்லை. புள்ளியியல் தொழில் தகுதித் தேர்வின் கடைசித் தாளை அவர் வெள்ளிக்கிழமை எழுத வேண்டும். தேறினால் ஒப்பந்த வேலை நிரந்தரமாகும். விட்டால் அடுத்த தேர்வுக்கு ஓராண்டு. ஒப்பந்தம் அதற்கு முன்பே முடிந்துவிடும். தேர்வுக்கூடம் வியாழன் காலையில் அவருக்காக ஒரு கணினியைத் தயார் செய்யும். களஞ்சியத்தில் அன்றைக்கு என்ன இருக்கிறதோ அதை இறக்கி வைப்பார்கள். அவர் எந்தக் கோப்பும் கொண்டுபோகக் கூடாது, எந்த அமைப்பையும் தொடக் கூடாது.

கடைசி வரி ஒரு கேள்வி. இது பிழையா, இனிமேல் இப்படித்தானா?

முதல் பத்தியைப் படித்தேன். விஷயம் புரிந்தது என்று நினைத்தேன். இடைவெளியை அணைக்க ஓர் அமைப்பு வைத்தால் தீர்ந்தது. ஒரு மணி நேரத்தில் எழுதி முடித்து, எந்த அமைப்பை எப்படி மாற்ற வேண்டும் என்று பணிவாக ஒரு பதிலும் அனுப்பினேன். அவர் ஒரே வரியில் பதில் எழுதினார். நாலாவது பத்தியைப் படிக்கவும். எந்த அமைப்பையும் தொடக் கூடாது என்று இருந்தது அங்கேதான்.

கடைசிப் பத்தியைப் படிக்காமல் தலைப்புப் போட்டவர்களை மேசையில் நான் என்னவெல்லாமோ சொல்லியிருக்கிறேன். அவர்கள் யாரும் அப்போது பக்கத்தில் இல்லை என்பது ஓர் ஆறுதல்.

புதன் காலையில் அடுத்த யோசனை. பிரெயில் பட்டை இணைந்திருப்பதைக் கணிப்பானே கண்டுபிடித்து, இடைவெளியைத் தானே நிறுத்திவிடும். யாரும் எதையும் தொட வேண்டாம். எழுதினேன். இதை அவர் கையில் கொடுத்துத்தான் பார்க்க வேண்டும் என்பது தெரிந்தது. வீட்டுக்கு வரட்டுமா என்று கேட்டேன். படிப்பு விடுப்பில் இருக்கிறேன், நானே வருகிறேன் என்றார். ரயிலில் லிட்டில் இந்தியா நிலையம்வரை வந்தார், அங்கிருந்து டன்லப் ஸ்திரீட்டுக்கு அழைத்துவந்தேன். மாடிப்படி தொடங்கும் இடத்தில் நின்று, எத்தனை படி என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. ஏறி முடித்ததும், "பத்தொம்பது அங்கிள். எத்தனை வருஷமா ஏறுறீங்க?" என்றார்.

அப்போது மணி பன்னிரண்டரை. நேரம் ஏன் முக்கியம் என்று உங்களுக்குத் தெரியும். களஞ்சியம் ஒரு நாளில் சில முறைதான் புதுப் பொதிகளை உள்ளே எடுக்கும். அன்று பிற்பகல் மூன்று மணிக்கு எடுப்பதில் சேர்ந்தால்தான் வியாழன் காலையில் தேர்வுக்கூடம் இறக்கும்போது அது அங்கே இருக்கும்.

கவிதா தன் மடிக்கணினியைத் திறந்து, பட்டையை முன்னால் வைத்துக்கொண்டார். முதலில் ஒரு கூட்டல். விரல் பட்டையின் மேல் ஓடி நின்றது. சரி என்றார். ஒரு பெருக்கல். சரி. எனக்கு உள்ளுக்குள் ஒரு தெம்பு வந்துவிட்டது. பிறகு ஒன்றை ஏழாயிரத்தால் வகுத்தார். விரல் பாதியில் நின்றது, பின்னால் வந்தது, மறுபடியும் போனது.

"அங்கிள், இங்க எத்தனை நம்பர் இருக்கு?"

ஒன்றுதான். தசமப் புள்ளிக்குப் பின்னால் வரும் இலக்கங்களை வேறொரு பகுதி அச்சிடுகிறது, அங்கே என் நிறுத்தம் போய்ச் சேரவில்லை. திருத்த இருபது நிமிடம் ஆனது. மறுபடியும் கொடுத்தேன். இந்த முறை மிக நீளமான விடை, வரி மடங்கும் இடம். அங்கே இடைவெளி திரும்ப வந்திருந்தது. அதையும் அடைத்தேன். அவர் அடுத்த கணக்கைத் தட்டத் தொடங்கியபோது, என்ன வரப்போகிறதோ என்று நான் அவர் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எழுதியவன் நான். எனக்கே தெரியவில்லை.

ஒன்றேமுக்காலுக்கு பிடோக்காரரை அழைத்தேன். அவசரப் பதிவேற்றத்துக்கு அவர் ஒப்புதல் வேண்டும். சாப்பாட்டு இடைவேளையில் இருந்தார், பின்னால் தட்டுகளின் சத்தம். கவிதாவும் கேட்கட்டும் என்று ஒலிபெருக்கியில் போட்டேன். நடந்ததைச் சொன்னேன்.

"இது எத்தனாவது பேட்ச் அண்ணே?"

நேற்றையதைச் சேர்த்தால் நாலாவது.

"இன்னும் எத்தனை இருக்குன்னு தெரியுமா?"

தெரியாது என்றேன்.

"அப்ப அது ஃபிக்ஸ் இல்ல லா, தேடறது. 1.8 ரெண்டு வருஷமா எத்தனையோ பேர் கையில ஓடுது. உங்க பேட்ச் ஒரு மணி நேரமா ஒருத்தர் கையில ஓடுது, அவங்களும் ரெண்டு தடவ நிறுத்திட்டாங்க. 1.8ஐ எடுங்க, அந்தப் பதினோரு வரிய மட்டும் வைங்க, அனுப்புங்க. நான் இப்பவே அப்ரூவ் பண்றேன்."

பின்னால் போவது என்று கேட்டதும் முதலில் எனக்குத் தோன்றியது எண்ணைப் பற்றித்தான். நம் பொதிகளின் எண் ஏறும், இறங்காது. 1.9-ஐ ஏற்கெனவே வாங்கிவிட்ட கணினி 1.8 என்று எழுதிய எதையும் திரும்பிப் பார்க்காது. பழையதைக் கொடுக்க வேண்டுமென்றால் புதியதைவிடப் பெரிய எண்ணில் கொடுக்க வேண்டும். அதற்காக ஏற்பட்ட வழக்கம்தான் 'ரியலி'. மற்றவர்களின் பொதிகளில் அதைப் பார்க்கும்போதெல்லாம் எவரோ வழுக்கி விழுந்த இடம் என்று மனதுக்குள் சிரித்துக்கொள்வேன். அந்த எண் மறைவதில்லை. பதிப்பைக் கேட்கும் ஒவ்வொருவர் திரையிலும் அடுத்த வெளியீடு வரும்வரை நிற்கும். பதிவேட்டில் அதற்குப் பிறகும் நிற்கும், என் பெயருக்கு மேலே.

1.9.1 என்று போட்டுவிடலாமே என்றேன். உள்ளே 1.8 இருக்கட்டும், எண் பார்க்க ஒழுங்காக இருக்கும்.

தட்டு ஒன்றைத் தள்ளிவைக்கும் சத்தம் கேட்டது.

"நாளைக்கு இந்த ப்ரோக்ராம் எழுதுற மனுஷன் நிஜமாவே ஒரு 1.9.1 எழுதுனா? ரெண்டு 1.9.1 இருக்கும், உள்ள வேற வேற. அண்ணே, உங்க 'சிறு மேம்பாடு'க்குக் கீழ என் அப்ரூவலும் இருக்கு. அதைப் படிச்சுட்டு ஒரு கேள்வி கேட்டிருக்கணும், நான் கேக்கல. அது என் தப்பு. இன்னொரு தடவ உள்ள ஒண்ணு வெளிய ஒண்ணுன்னு எழுதினா நான் கையெழுத்துப் போடமாட்டேன்."

அப்போது கவிதா பேசினார். அதுவரை விரலைப் பட்டையிலிருந்து எடுக்கவில்லை.

"எனக்கு ரியலி தான் வேணும் அங்கிள். நாளைக்குக் காலையில மெஷின் செக் பண்ண பத்து நிமிஷம் குடுப்பாங்க. வெர்ஷன் கேட்டா உள்ள என்ன இருக்குன்னு அதுவே சொல்லணும். 1.9.1ன்னு வந்தா நான் மறுபடி எல்லாத்தையும் போட்டுப் பாக்கணும். 1.8ன்னு கைக்குத் தெரிஞ்சா நான் வேற வேலையப் பாப்பேன்."

அசிங்கமான எண் என்று நான் நினைத்தது அவருக்கு ஒரு தகவல். எண்ணின் அழகைப் பற்றிக் கவலைப்பட்ட ஒரே ஆள் அந்த அறையில் நான்தான். அதே அழகு உணர்ச்சிதான் திங்கட்கிழமை அவர் கணினிக்குள் போயிருந்தது.

மணி இரண்டு. 1.8-ஐ எடுத்தேன். பதினொரு வரியை ஒட்டினேன். எழுதும் வேலை அரை மணி நேரத்துக்கும் குறைவு, நான் முன்பே சொன்னதுபோல. பொதியோடு வரும் சோதனைகளை முழுதாக ஓட்டப் பன்னிரண்டு நிமிடம் ஆகும். கையில் முப்பத்தைந்து நிமிடம் இருந்தது. பழைய நிரல்தானே, சோதனை எதற்கு என்று ஒரு கணம் தோன்றியது. இந்த வாரத்தில் எனக்குத் தோன்றியவற்றின் வரலாறு நன்றாக இல்லை. ஓட்டினேன். அது ஓடிக்கொண்டிருந்தபோது கவிதா தன் பழைய தேர்வுத் தாள்களிலிருந்து கணக்குகளைப் போட்டுப் பார்த்தார். விரல் எங்கும் நிற்கவில்லை. ஒரு கட்டத்தில் விடையைப் படித்துக்கொண்டே பையிலிருந்து பிஸ்கட் எடுத்துச் சாப்பிட ஆரம்பித்தார். சோதனை முடிவைவிட எனக்கு அதுதான் நம்பிக்கை தந்தது. சோதனைகளும் தேறின.

மாற்றப் பதிவேட்டில் எழுத வேண்டிய குறிப்பு பாக்கி. சில பயனர்களின் வசதிக்காக முந்தைய வடிவம் மீட்கப்படுகிறது என்று எழுதினேன். கவிதா படித்துக் காட்டச் சொன்னார். காட்டினேன்.

"சில பயனர்னா நான் தானே?"

ஆமாம் என்றேன்.

"எனக்கு வசதி பண்ணிக் குடுத்தீங்களா, இல்ல உடைச்சத ஒட்டினீங்களா?"

குரலில் கடுமை இல்லை. நிஜமாகவே கேட்டார். எதைச் செய்தேனோ அதை எழுதினால் போதும் என்ற அளவில்தான் கேட்டார். செய்தித்தாளின் இரண்டாம் பக்கத்தில் திருத்தம் என்று ஒரு சிறு கட்டம் வரும். மேசையில் அதை எழுதும் பொறுப்பு பல ஆண்டுகள் என்னிடம் இருந்தது. விதி இரண்டே. என்ன தவறு என்று சொல், யார் தவறு என்று சொல். காரணம் சொல்லாதே, வாசகர் மேல் தள்ளாதே. மற்றவர்களின் தவறுகளுக்கு நூறு முறை அதை எழுதியிருக்கிறேன். அன்று எழுதியது இப்படி: 'நிலைப்பதிப்பில் விடையின் வடிவத்தை மாற்றினேன். அது தவறு. 1.8-க்குத் திரும்புகிறோம். பாதுகாப்புத் திருத்தம் மட்டும் சேர்க்கப்பட்டுள்ளது.'

பதிவேற்றியபோது மணி இரண்டு நாற்பத்தாறு. களஞ்சியம் ஏற்றுக்கொண்டதாகச் செய்தி வந்தது மூன்று மணி ஏழு நிமிடத்துக்கு. கவிதாவை ரயில் நிலையம்வரை கொண்டுபோய் விட்டேன். இறங்கும்போது படிகளை நான் எண்ணினேன். பத்தொன்பதுதான்.

வியாழன் காலை பத்தரைக்குக் கைப்பேசியில் கவிதாவிடமிருந்து ஒரு குறுஞ்செய்தி. வேறு சொல் எதுவும் இல்லை. 1.9, கூட்டல், ரியலி, 1.8. அதை இரண்டு முறை படித்தேன். அப்போதும் அது அழகான எண் இல்லை.

அடுத்த இரண்டு வாரங்களில் இடைவெளி போனதைக் கண்டித்து இருவர் எழுதினார்கள். ஒருவர் சற்று நீளமாகவே எழுதியிருந்தார். இருவருக்கும் இந்தப் பதிவேட்டுக் குறிப்பின் முகவரியை அனுப்பினேன், வேறு எதுவும் சேர்க்கவில்லை. இடைவெளி இப்போது பொதியில் இருக்கிறது, நீங்களும் பார்த்திருப்பீர்கள். வேண்டும் என்பவர் கேட்டால் வரும். அடுத்த நிலைப்பதிப்பில், முன்கூட்டியே அறிவித்து, அப்படித்தான் சேர்த்தோம். விண்ணப்பத்தில் 'சிறு' என்ற சொல்லை நான் அதற்குப் பிறகு எழுதியதில்லை. யாராவது எழுதி அனுப்பினால் பிடோக்காரர் கேள்வி கேட்காமல் விட்டதும் இல்லை.

தேர்வு முடிவு பல வாரம் கழித்து வந்தது. கவிதா தேறினார், வேலை நிரந்தரமானது. அதில் எனக்குப் பங்கு எதுவும் இல்லை, குறுக்கே போட்ட கல்லை நேரத்தோடு எடுத்தேன் என்பதைத் தவிர.

வெள்ளிக்கிழமையைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். அன்று மாலை நாலு மணிக்கு அவரிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. திறக்கும்போது என்ன எதிர்பார்த்தேன் என்பதை எழுதாமல் விடுகிறேன். அது ஒரு புதிய பிழை அறிக்கை. முதல் வரி: பேப்பர் முடிந்தது, கணிப்பானால் தொந்தரவு இல்லை. அதற்குக் கீழே விஷயம். கணிப்பானைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் அது தன் பெயரையும் உரிமத்தையும் மூன்று வரியில் சொல்லிக்கொள்கிறது. பார்ப்பவர் தாண்டிப் போய்விடுவார். விரலால் படிப்பவர் மூன்று வரியையும் கடந்தாக வேண்டும். தேர்வில் பதினேழு முறை திறந்தேன், பதினேழு முறை படித்தேன் என்று எழுதியிருந்தார்.

அவர் சொன்னது சரி. நிரலைத் திறந்து பார்த்தேன். இரண்டே வரி மாற்றம், ஐந்து நிமிட வேலை. எழுதியும் முடித்துவிட்டேன். நிலைப்பதிப்பின் கோப்புகள் திரையில் பக்கத்துச் சன்னலில் திறந்தே கிடந்தன. கை அந்தப் பக்கம் போனது. கவிதா போல இன்னும் எத்தனை பேர் அந்த மூன்று வரியை விரலால் கடந்துகொண்டிருப்பார்களோ. அதே மூன்று வரியைத் தங்கள் நிரலில் எதிர்பார்த்து, அதை வெட்டிவிட்டு விடையை எடுத்துக்கொள்பவர்கள் எத்தனை பேரோ. முதல் எண்ணும் எனக்குத் தெரியாது, இரண்டாவதும் தெரியாது.

நிலைப்பதிப்பின் சன்னலை மூடினேன். மாற்றத்தை அடுத்த வெளியீட்டின் வரிசையில் வைத்தேன். பிழை அறிக்கையின் கீழே, நீங்கள் சொல்வது சரி, அடுத்த பதிப்பில் வரும், இதில் வராது என்று எழுதினேன். அடுத்த பதிப்பு வர அப்போது பதினெட்டு மாதம் இருந்தது. அதையும் எழுதினேன்.

பதில் ஐந்து நிமிடத்தில் வந்தது.

"இப்ப சரி அங்கிள். வெயிட் பண்றேன்."